காரின் மீட்டர் போர்டு கருகினால்: மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை



நம் சங்க இதழில் வரி பற்றியும் சரக்கு விலை பற்றியும் படித்துப் பழகிய உங்களுக்கு, காரின் மீட்டர் போர்டு பற்றி ஒரு பருப்பு மொத்த வியாபாரி எழுதுவது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் நம்மில் பலர் வைத்திருப்பது பழைய வண்டிகள். மாருதி 800-ம் அம்பாசடரும் 2014-ல் உற்பத்தி நின்று விட்டன. ஆம்னி 2019-ல் நின்றது. வண்டிகள் மட்டும் நம் கடை வாசலில் இன்னமும் நிற்கின்றன, சரக்கு ஏற்றுகின்றன, வசூலுக்குப் போகின்றன. அவற்றின் மீட்டர் போர்டு கருகிப் போனால் என்ன செய்வது என்பதை, நான் பட்டுத் தெரிந்து கொண்ட அளவில் எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் அல்ல. பத்தாம் வகுப்பு வரை படித்தவன். இருந்தாலும் தராசு பிடித்தவனுக்கு அளவுக் கருவியின் அருமை தெரியும். முத்திரை இல்லாத தராசில் வியாபாரம் செய்ய மாட்டோம். முள் வேலை செய்யாத வண்டியை மட்டும் ஏன் ஓட்டுகிறோம்?

சாத்தூர் சாலையில் ஓர் இரவு

2017-ம் ஆண்டு, ஜி.எஸ்.டி. வந்த முதல் தீபாவளி. பண்டிகைக்கு இரண்டு வாரம் இருந்தது. விருதுநகரிலிருந்து கோவில்பட்டிக்கு வசூலுக்குப் போக வேண்டிய நாள். என்னிடம் இருந்தது 1997-ம் ஆண்டு ஆம்னி வேன். அன்று காலை கடை வாசலில் சாவியைத் திருப்பியதும் மீட்டருக்குப் பின்னாலிருந்து ரப்பர் தீய்ந்த வாடையும் புகையும் வந்தன. பதறிப் போய் பாட்டரி ஒயரைக் கழற்றினோம்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்தார். மீட்டரின் பின்னால் ஒயர்கள் சேரும் கப்ளர் உருகியிருந்தது. உள்ளே செப்புக் கோடுகள் கருகியிருந்தன. கப்ளரைக் கழற்றி, ஒயர்களை இன்சுலேஷன் டேப் சுற்றி ஒதுக்கி வைத்தார். "மதுரையில் மீட்டருக்குச் சொல்லியிருக்கிறேன் அண்ணாச்சி, நாளைக் கழித்து வரும். அதுவரை ஊருக்குள் மட்டும் ஓட்டுங்கள், வெளியூர் வேண்டாம்" என்றார்.

நான் கேட்கவில்லை. வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆயிற்று. வேகம் காட்டும் முள்ளும் ஓடியது. பிறகென்ன என்று கணக்குப்பிள்ளையை ஏற்றிக் கொண்டு கிளம்பி விட்டேன். கோவில்பட்டியில் கடை கடையாக நிறுத்தி நிறுத்தி எடுத்தோம். திரும்பும்போது இரவு எட்டு மணி, மழைத் தூறல். ஹெட்லைட், வைப்பர் இரண்டும் போட்டபடி வந்தோம். சாத்தூருக்குச் சற்று முன்பு வெளிச்சம் மங்கியது. ஹாரன் அடித்தால் முனகியது. வைப்பர் பாதியில் நின்றது. கடைசியில் என்ஜின் இருமி நின்று விட்டது. நாலுவழிச் சாலை, கும்மிருட்டு, பின்னால் விளக்கு இல்லாத வண்டி, மடியில் தீபாவளி வசூல் பை. லாரிகள் உரசுவது போல் போயின.

அந்த வழியே வந்த ஒரு லாரி டிரைவர் நிறுத்தி, வண்டியை ஓரம் தள்ள உதவினார். அவர் லாரியின் பாட்டரி 24 வோல்ட், நம்முடையது 12. அதனால் அதிலிருந்து மின்சாரம் எடுக்கவும் வழியில்லை. என் மகன் வேறு வண்டி எடுத்துக் கொண்டு வரும் வரை தன் லாரியை எங்களுக்குப் பின்னால் விளக்கெரிய நிறுத்தி வைத்திருந்தார். பெயர் கேட்டதற்கும் சிரித்து விட்டுப் போனார். பணமும் உயிரும் தப்பின.

ஏன் நின்றது?

மறுநாள் எலக்ட்ரீஷியன் விளக்கிய பிறகுதான் புரிந்தது. மீட்டர் போர்டில் பாட்டரிப் படம் போட்ட சிறு சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. அது சார்ஜ் விளக்கு. சாவியைத் திருப்பினால் எரியும், என்ஜின் ஓடினால் அணையும். அது வெறும் அடையாள விளக்கு என்றுதான் நாம் நினைக்கிறோம். பல பழைய வண்டிகளில் அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது.

நாம் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர் தானாக மின்சாரம் தரத் தொடங்காது. அதற்குள் இருக்கும் சுருள் முதலில் காந்தமாக வேண்டும். அதற்குத் தேவையான சிறு மின்சாரம் இந்த சார்ஜ் விளக்கின் வழியாகத்தான் போகிறது. வறண்டு கிடக்கும் கைப்பம்பில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடித்தால்தானே தண்ணீர் மேலே வரும்? அந்த ஒரு சொம்புத் தண்ணீர்தான் இது. கப்ளரைக் கழற்றியதால் அந்த வழி அடைபட்டது. ஆல்டர்னேட்டர் சும்மா சுற்றியது. வண்டி முழுவதும் பாட்டரி இருப்பிலேயே ஓடியது. வரவு இல்லாமல் செலவு மட்டும் நடந்தால் கல்லா எத்தனை நேரம் தாங்கும்?

வேக முள் ஓடியதே என்று நீங்கள் கேட்கலாம். பழைய வண்டிகளில் வேகமானிக்கு மின்சாரம் தேவையில்லை. கியர் பெட்டியிலிருந்து ஒரு முறுக்குக் கம்பி உறைக்குள் சுற்றிக் கொண்டே வந்து, மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அந்தக் காந்தம் பக்கத்திலுள்ள அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, கிண்ணத்தோடு சேர்ந்த முள் நகர்கிறது. ஆகவே மின்சாரப் பகுதி முழுவதும் கருகினாலும் வேகம் காட்டும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இதை விடப் பெரிய ஆபத்தும் உண்டு. என்ஜின் சூடு காட்டும் முள்ளும், ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கும் அதே போர்டில்தான் இருக்கின்றன. ரேடியேட்டரில் தண்ணீர் வற்றினால் சூட்டு முள் சொல்லும். அது செத்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போன பிறகுதான் தெரியும். ஆயில் விளக்கு செத்திருந்தால் என்ஜினே பிடித்து விடும். மீட்டருக்குக் கணக்குப் பார்த்து என்ஜினை இழந்தவர்கள் உண்டு.

போர்டு கருகுவது எதனால்?

புது மீட்டர் வந்தவுடன் மாட்டச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் மறுத்து விட்டார். "எதனால் எரிந்தது என்று பார்க்காமல் மாட்டினால் இதுவும் எரியும் அண்ணாச்சி" என்றார். எலி புகுந்த ஓட்டையை அடைக்காமல் புது மூட்டை அடுக்குவது போலத்தானே அது?

அவர் பியூஸ் பெட்டியைத் திறந்தார். மீட்டருக்கு உரிய இடத்தில் சிவப்பு பியூஸ் இருக்க வேண்டும். பச்சை இருந்தது. இந்தத் தட்டைப் பியூஸ்களில் நிறமே அளவு. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. "இதை யார் போட்டது?" என்று கேட்டார். "நான்தான் தம்பி" என்றேன்.

நடந்தது இதுதான். சத்தம் போதவில்லை என்று பெரிய ஹாரன் ஒன்று மாட்டியிருந்தேன். பாட்டுப் பெட்டியும் போன் சார்ஜரும் சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் மின்சாரம் மீட்டர் ஒயரிலிருந்தே எடுக்கப்பட்டது. பாரம் தாங்காமல் பியூஸ் அடிக்கடி போயிற்று. போகிறதே என்று கையில் கிடைத்த பெரிய பியூஸைச் செருகினேன். அதன் பிறகு பியூஸ் போகவே இல்லை. அதற்குப் பதில் ஒயர் போயிற்று.

பியூஸ் என்பது காவலாளி. 10 ஆம்பியர் பியூஸ் 12 வோல்ட்டில் சுமார் 120 வாட் வரை அனுமதிக்கும். ஒயரின் பருமனுக்கு ஏற்பவே அதை நிர்ணயித்திருக்கிறார்கள். 30 ஆம்பியர் போட்டால், ஒயர் சூடாகித் தோல் உருகினாலும் பியூஸ் அறுபடாது. செப்புக் கம்பி சுற்றுவதும், சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை மடித்து வைப்பதும் இதை விட மோசம். காவலாளியை அனுப்பி விட்டுக் கதவைத் திறந்து வைத்தது போலாகும்.

வேறு காரணங்களும் உண்டு. மீட்டர் விளக்குகளில் மூன்று வாட் அளவு பல்பு இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சத்துக்காக ஐந்து வாட் பல்பு போட்டால், அந்தச் சூட்டில் பின்னாலுள்ள மெல்லிய தகடும் பிளாஸ்டிக்கும் மெல்ல வெந்து போகும். கப்ளரில் ஊசி தளர்ந்தாலோ துரு ஏறினாலோ அந்த இடம் மட்டும் சூடாகும். எர்த் ஒயர் பாடியில் சரியாகப் பிடிக்காமல் இருந்தால் மின்சாரம் வேறு வழி தேடும். எலி கடித்த ஒயர் பற்றி மளிகைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றத்தான் வேண்டுமா?

எல்லாக் கோளாறுக்கும் போர்டை மாற்றத் தேவையில்லை. ஒரு மூட்டை மட்டும் எடை குறைந்தால் மூட்டையைச் சந்தேகிப்போம். எல்லா மூட்டையும் குறைந்தால் தராசைச் சந்தேகிப்போம். இங்கும் அதே நியாயம்தான்.

பெட்ரோல் முள் மட்டும் தவறு என்றால், டாங்கிலுள்ள மிதவையும் அதன் ஒயரும் பார்க்கப்பட வேண்டும். சூட்டு முள் மட்டும் தவறு என்றால் என்ஜினிலுள்ள அதன் சென்சார். இரண்டு முள்ளும் சேர்ந்து தவறாகக் காட்டினால் பழுது பொதுவான இடத்தில் இருக்கிறது. அது பியூஸ், எர்த், அல்லது சில வண்டிகளில் முட்களுக்கு ஒரே சீரான வோல்ட் தரும் சிறு கருவி. ஒரே ஒரு விளக்கு எரியவில்லை என்றால் பல்பு. இவை சில ரூபாயில் முடியும் வேலைகள். கோடு ஓரிடத்தில் மட்டும் கருகியிருந்தால், திறமையான மீட்டர் ரிப்பேர்காரர் ஒயர் வைத்துப் பற்றவைத்துத் தருவார். கப்ளர் உருகி, பல கோடுகள் கருகியிருந்தால் மட்டுமே மாற்றுவது நல்லது.

எங்கே, எப்படி வாங்குவது?

பழைய மாடலுக்குப் புது மீட்டர் எப்போதும் கிடைப்பதில்லை. மீட்டர் தயாரிப்பில் நம் கோயம்புத்தூரின் பிரிக்கால் நிறுவனம் 1975 முதல் பெயர் பெற்றது. இருந்தாலும் உற்பத்தி நின்ற வண்டிகளின் பாகங்கள் கடைகளில் இருப்பு உள்ள வரைதான். கிடைக்காதபோது பழைய உதிரிபாகக் கடைகளை நாட வேண்டும். சென்னை புதுப்பேட்டை இதற்குப் பெயர் போனது. சந்தைக்குப் போகும் முன் சாம்பிள் எடுத்துப் போவது நம் வழக்கம். இங்கும் கருகிய போர்டையே கையில் எடுத்துப் போங்கள். ஒப்பிட வேண்டியவை:

1. மாடலும் ஆண்டும். கார்புரேட்டர் வண்டிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கும் விளக்குகள் வேறுபடும். டீசல் வண்டிக்கும் அப்படியே.
2. கப்ளரின் வடிவமும் ஊசிகளின் எண்ணிக்கையும். வெளித் தோற்றம் ஒன்றாக இருந்து பின்பக்கம் மாறியிருப்பது உண்டு.
3. வேகமானி கேபிளில் ஓடுவதா, மின்சாரத்தில் ஓடுவதா என்பது.
4. பின்பக்கத் தகட்டில் கருகல், துரு, பற்றவைத்த அடையாளம் உள்ளதா என்பது.
5. வேலை செய்யாவிட்டால் திரும்ப எடுத்துக் கொள்வாரா என்பது. இதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

வேலையை எலக்ட்ரீஷியனே செய்யட்டும். ஆனால் மூட்டை எடை போடும்போது நிற்பது போலப் பக்கத்தில் நில்லுங்கள். வேலை நடக்க வேண்டிய வரிசை இது.

முதலில் பாட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்ற வேண்டும். பிறகு மீட்டர் மூடியின் ஸ்க்ரூக்கள். பின்னால் கையை விட்டு வேகமானி கேபிளின் கிளிப்பை அமுக்கி விடுவிக்க வேண்டும். கப்ளரைப் பிடித்து இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கருகிய ஒயரை டேப் சுற்றி மூடுவது வேலை ஆகாது. கருகிய துண்டை வெட்டி, அதே பருமனுள்ள ஒயரை இணைத்து, பற்றவைத்து, மேலே உறை போட வேண்டும். உருகிய கப்ளரையும் மாற்ற வேண்டும்.

ஹாரன் போன்ற கூடுதல் பாரங்களுக்கு பாட்டரியிலிருந்து தனி ஒயர், தனி பியூஸ், ரிலே வைக்கச் சொல்லுங்கள். கேபிள் கூர்மையாக மடிந்து விடாமல் பார்க்க வேண்டும். மடிந்தால் முள் ஆடும், சத்தம் வரும். சார்ஜ் விளக்கில் மட்டும் எல்.இ.டி. பல்பு போட விடாதீர்கள். அது குடிக்கும் மின்சாரம் மிகக் குறைவு. முன்பு சொன்ன ஒரு சொம்புத் தண்ணீர் அதன் வழியே போதுமான அளவு போகாது.

ஸ்க்ரூக்களை இறுக்கும் முன்பே சோதித்து விட வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் எரிய வேண்டும். என்ஜின் ஓடியதும் இரண்டும் அணைய வேண்டும். கை பிரேக் போட்டால் அதன் விளக்கு, டிம் அண்ட் பிரைட் மாற்றினால் நீல விளக்கு, இண்டிகேட்டர் இரு பக்கமும். பத்து நிமிடம் ஓட விட்டால் சூட்டு முள் மெல்ல ஏறி நடுவில் நிற்க வேண்டும். கடைசியாக பாட்டரியில் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரையும் காட்டினால் சார்ஜ் ஆகிறது என்று பொருள். அன்று இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் சாத்தூர் சாலையில் நின்றிருக்க மாட்டேன்.

முன்பாக்கியை எழுதி வையுங்கள்

கடைசியாக ஒரு விஷயம். இது யந்திரம் பற்றியது அல்ல, நாணயம் பற்றியது. பழைய மீட்டரை வாங்கி மாட்டினால் அது வேறு வண்டி ஓடிய கிலோமீட்டரைக் காட்டும். என் வேன் 84,620 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மாட்டிய மீட்டர் காட்டியது 46,120. பழைய பேரேட்டை மூடிப் புதுப் பேரேடு தொடங்கும்போது முன்பாக்கியை எழுதாமல் விடுவோமா? அன்றே தேதி போட்டு இரண்டு எண்களையும் எழுதி, வித்தியாசம் 38,500 என்று குறித்து, மெக்கானிக் பில்லோடு ஆர்.சி. புத்தக உறையில் வைத்தேன். ஆயில் மாற்றும் கணக்கெல்லாம் அந்த 38,500-ஐக் கூட்டித்தான் பார்த்தோம்.

2021-ல் அந்த வண்டியை ஒரு காய்கறி வியாபாரிக்கு விற்றேன். அவர் மீட்டரைப் பார்த்து, வண்டி குறைவாகத்தான் ஓடியிருக்கிறது என்று மகிழ்ந்தார். வாயை மூடிக் கொண்டிருந்தால் கேட்ட விலை கிடைத்திருக்கும். தாளை எடுத்துக் காட்டினேன். ஐயாயிரம் குறைத்துக் கேட்டார், கொடுத்தேன். இன்று அவர் மகன் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பருப்பு நம்மிடம்தான் எடுக்கிறார். அளவைக் கூட்டிக் குறைத்துச் சம்பாதித்த பணம் எந்தக் கடையிலும் நின்றதில்லை.

நாள்தோறும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. காலையில் சாவியைத் திருப்பியதும் உடனே ஸ்டார்ட் செய்யாமல், இரண்டு நொடி மீட்டரைப் பாருங்கள். எரிய வேண்டிய விளக்கெல்லாம் எரிகிறதா, ஓடியதும் அணைகிறதா? கடை திறந்ததும் தராசு முள் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் அதே கண்தான். அதை வண்டியின் பக்கமும் கொஞ்சம் திருப்பினால் போதும். பியூஸ் பெட்டியில் பச்சை இருக்கக் கூடாத இடத்தில் பச்சை இருக்கிறதா என்று இன்று மாலையே பார்த்து விடுங்கள்.